மூச்சுக்குழலுக்குள் ஒரு விளக்கு

நுழையும்முன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை உயிருள்ள மனிதரின் மூச்சுக்கிளைக்குழலை மருத்துவர்கள் நேரே கண்டதில்லை. இருமலின் ஓசையைக் கேட்டும் சளியைச் சோதித்தும் உள்ளிருக்கும் நோயை ஊகித்தனர். அக்குழலுக்குள் விளக்கைக் கொண்டுசென்று, ஐயத்திற்குரிய திசுவைக் கிள்ளியெடுத்து ஆராய வழியமைத்தவர்களுள் முதன்மையான ஒருவரின் வாழ்வு இப்பாடம்.

செவாலியர் ஜாக்சன் 1865ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் சூழ்ந்த பகுதி அது. மெலிந்த உடலும் கூச்ச இயல்பும் கொண்ட அச்சிறுவனைப் பள்ளித் தோழர்கள் இடைவிடாது துன்புறுத்தினர். ஒருநாள் கண்களைக் கட்டி, கைவிடப்பட்ட சுரங்கமொன்றுக்குள் விட்டுச் சென்றனர். தற்செயலாக அவ்வழியே வந்தவர்களால் அவன் உயிர் பிழைத்தான். விளையாட்டுத் திடலில் கிடைக்காத அமைதியை அவன் கைவேலையில் கண்டான். மரத்தையும் உலோகத்தையும் இழைத்துப் பொருள்கள் செய்வதிலும் ஓவியம் தீட்டுவதிலும் அவனுக்கு ஈடுபாடு வளர்ந்தது. பின்னாளில் அவர் இரு கைகளாலும் ஒருங்கே வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து பாடம் நடத்தியதைக் கண்டு மாணவர்கள் வியந்தனர்.

குடும்பத்தில் வறுமை. கண்ணாடியிலும் பீங்கானிலும் ஓவியம் தீட்டிக் கிடைத்த கூலியைக் கொண்டு கல்விக்கட்டணம் செலுத்தி, 1886ஆம் ஆண்டு பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்து இலண்டன் சென்று, புகழ்பெற்ற தொண்டை மருத்துவர் மோரல் மெக்கன்சியிடம் பயின்றார். உணவுக்குழலுக்குள் நோக்குவதற்காக மெக்கன்சி உருவாக்கியிருந்த கருவியை அங்கே கண்டார். அது நடைமுறைக்கு ஒத்துவராத கருவி. எனினும் குழலுக்குள் நேரே பார்க்கலாம் என்னும் எண்ணம் ஜாக்சனின் மனத்தில் ஆழப் பதிந்தது.

பிட்ஸ்பர்க்கிற்குத் திரும்பியவர், 1890ஆம் ஆண்டளவில் உணவுக்குழல்நோக்கி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். அதைக் கொண்டு, ஒருவர் விழுங்கிவிட்ட பொய்ப்பல் தகட்டையும் குழந்தையொன்றின் தொண்டையில் சிக்கிய நாணயத்தையும் வெளியே எடுத்தார். செய்தி பரவியது; பிற மருத்துவர்களும் அக்கருவியை வாங்கினர். ஆனால் அவர்களுக்குப் பயிற்சி இல்லை. காகிதம்போல் மெல்லிய உணவுக்குழல் கிழிந்து நோயாளிகள் இறந்தனர். கருவியைக் கொடுத்த தாம் அதைக் கையாளும் திறனைக் கற்பிக்கவில்லையே என்ற வருத்தம் ஜாக்சனை வாட்டியது. அக்கருவி மேலும் பரவாமல் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தார். அவர் வாழ்வைப் பயில்வோர் விரைந்து கடந்துவிடக் கூடாத இடம் இது. பிற்காலத்தில் ஆசிரியராக அவர் காட்டிய கண்டிப்புக்கு வேர் இந்நிகழ்ச்சியில் இருக்கிறது.

இதற்கிடையே 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்னும் மருத்துவர், 63 வயது உழவர் ஒருவரின் வலப்பக்க மூச்சுக்கிளைக்குழலில் சிக்கிய பன்றியெலும்புத் துண்டை, வாய்வழியே நேரான குழலைச் செலுத்தி அகற்றினார். மூச்சுக்குழல்நோக்கியின் வரலாறு அங்கே தொடங்குகிறது. கில்லியனின் முறையில் ஒளி வெளியிலிருந்து குழலுக்குள் பாய்ச்சப்பட்டது. நீண்டு குறுகிய குழலின் அடிவரை அவ்வொளி செல்லும்போது மங்கியது. உள்ளே செல்லும் இடுக்கியே ஒளியை மறைத்தது. ஜாக்சன் 1904ஆம் ஆண்டளவில் குழலின் உள்முனையிலேயே மிகச் சிறிய மின்விளக்கைப் பொருத்தினார். சளியையும் குருதியையும் உறிஞ்சியெடுக்க ஒரு சிறுகுழாயையும் உடன் இணைத்தார். 1907ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட நூலைக் கில்லியனுக்கே உரிமையாக்கினார்.

மக்கள் அவரை அறிந்தது விழுங்கிய பொருள்களை மீட்பவராகத்தான். ஊசி, பொத்தான், நாணயம், வேர்க்கடலை, திறந்த ஊக்கு எனத் தாம் எடுத்தவற்றையெல்லாம் குறிப்புகளோடு பாதுகாத்தார். அவற்றுள் 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சிக்கிய பொருளைப் போன்ற மற்றொன்றை வரவழைத்து, வெளியே பலமுறை ஒத்திகை பார்த்த பின்னரே நோயாளியை அணுகுவார்.

1911ஆம் ஆண்டு காசநோய் அவரையே பற்றியது. பின்னரும் திரும்பி வந்தது. நுரையீரல் நோயரின் மூச்சுத்திணறலைத் தம் உடலிலேயே அறிந்தவர், படுக்கையில் இருந்தபடி நூலெழுதியும் கருவிகளை வரைந்தும் அந்நாள்களைக் கழித்தார். 1916ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் பேராசிரியரானார். தாம் பயின்ற கல்லூரியே அவரை அழைத்தது.

நெடுநாள் சிக்கிய கடலையோ எலும்போ மூச்சுக்கிளைக்குழலின் சுவரை உறுத்தும்; அங்கே சதை வளர்ந்து அப்பொருளையே மூடிவிடும். குழலின் வழியே நோக்கினால் அது புற்றுநோய்க் கட்டியைப் போலவே தோன்றும். மாறாக, உண்மையான கட்டி குழலை அடைக்கும்போது எழும் இளைப்பொலி, ஈளைநோயாகக் கருதப்பட்டு ஆண்டுக்கணக்கில் தவறாக மருத்துவம் செய்யப்படுவதும் உண்டு. இளைப்பெல்லாம் ஈளையன்று என ஜாக்சன் மாணவர்க்கு இடைவிடாது வலியுறுத்தினார். கண் கண்டதும் காது கேட்டதும் தீர்ப்பாகா. ஒரு துண்டுத் திசு நுண்ணோக்கியின் கீழ் வரவேண்டும். 1917ஆம் ஆண்டு, வலப்பக்க மூச்சுக்கிளைக்குழலில் வளர்ந்த கட்டியொன்றை வாய்வழியே அகற்றியதை அவர் மருத்துவ இதழில் விவரித்தார்.

திசு எடுப்பதிலும் வழிகள் பல. குழலின் உட்புறம் புடைத்து வெளிப்படத் தெரியும் கட்டிக்கு இடுக்கியே ஏற்றது. திசுவின் அமைப்புச் சிதையாமல் கிடைக்கும். ஆயினும் கட்டியின் மேற்பரப்பு அழுகியிருந்தால் இடுக்கியில் அகப்படுவது உயிரற்ற திசுவே. அதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது. எனவே வெவ்வேறு இடங்களில் பல துண்டுகள் எடுக்க வேண்டும். நோய் சவ்வுக்கு அடியில் மறைந்தோ குழலுக்கு வெளியிலிருந்து அழுத்தியோ இருந்தால் இடுக்கி மேற்சவ்வை மட்டுமே பற்றி வெறுமனே திரும்பும். அங்கே சுவரைத் துளைத்துச் செல்லும் ஊசி உதவும். ஆனால் பெரும்பாலும் அது தருவது தனித்தனிச் செல்களே. தூரிகையால் தேய்த்தும் உப்புநீரால் கழுவியும் செல்களைத் திரட்டலாம். இவை எளியவை, தனித்து நிற்கும்போது இடுக்கி அளவுக்கு உறுதி தருவதில்லை. சில கட்டிகளோ கிள்ளியவுடன் குருதியைப் பெருக்குபவை. இவ்வழிகளுள் ஊசியும் தூரிகையும் ஜாக்சனின் காலத்திற்குப் பிறகே பரவலாயின. அவர் கையில் இருந்தவை நேரான குழலும் இடுக்கியும் உறிஞ்சுகுழாயும்தாம்.

அம்முறையின் பயன் 1933ஆம் ஆண்டு வெளிப்படையாயிற்று. செயின்ட் லூயிஸ் நகரில் நோயுற்ற மருத்துவர் ஒருவருக்கு, மூச்சுக்குழல்நோக்கி வழியே எடுத்த திசுவால் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்டது. அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரகாம் அவருடைய இடப்பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் அகற்றினார். அந்நோயாளி முப்பது ஆண்டுகள்வரை வாழ்ந்தார். கடும் புகைப்பழக்கம் கொண்டிருந்த கிரகாமோ அவருக்கு முன்னரே, 1957ஆம் ஆண்டு நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

ஜாக்சன் மருத்துவமனைக்கு வெளியேயும் போராடினார். வீடுகளில் துப்புரவுக்குப் பயன்பட்ட எரிகாரத்தைச் சர்க்கரையென்று எண்ணி விழுங்கிய குழந்தைகள் உணவுக்குழல் வெந்து சுருங்கி அவரிடம் வந்தனர். துளிநீரும் விழுங்கவியலாத ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் அடைப்பை நீக்கியபின், அவள் ஒரு கோப்பை நீர் பருகினாள்; பின் அவர் கையைப் பற்றி முத்தமிட்டாள். எரிகாரப் பொதிகளில் நச்சு என்னும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்க வேண்டுமென ஆண்டுக்கணக்கில் அவர் வலியுறுத்தியதன் விளைவாக 1927ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது.

1958ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், தம் 92ஆம் அகவையில், பென்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்றில் தாம் வாழ்ந்த பழைய ஆலை வீட்டில் ஜாக்சன் மறைந்தார். எட்டாண்டுகளுக்குப் பின், 1966ஆம் ஆண்டு, ஜப்பானிய மருத்துவர் ஷிகெடோ இகெடா கண்ணாடியிழைகளால் ஆன வளையும் மூச்சுக்குழல்நோக்கியை அறிமுகப்படுத்தினார். நேரான குழல் எட்டவியலாத சிறு கிளைகளுக்குள்ளும் அது சென்றது. நோயாளிக்குத் துன்பம் குறைந்தது. ஆனால் அதன் வழியே செல்லும் இடுக்கி மிகச் சிறியது. கிடைக்கும் துண்டும் சிறியது. அதனால் குருதி பெருக்கும் கட்டியிலிருந்து பெரிய துண்டு எடுக்க வேண்டியபோதும், அடைத்த குழலைத் திறந்து மூச்சு செலுத்த வேண்டியபோதும் மருத்துவர்கள் இன்றும் ஜாக்சன் செம்மைப்படுத்திய அந்த நேரான குழலையே நாடுகின்றனர்.