டோனாவூர் அம்மா

நம் பங்கின் விழா மலரில் பிற சபையார் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். களக்காட்டுக்கு அண்டை ஊரான டோனாவூரில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, போக்கிடமற்ற குழந்தைகளைத் தாங்கிய ஒருவரை நாம் மறந்துவிட்டால்தான் வியப்பு.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867 டிசம்பர் 16-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியா வந்தார். பின் தாயகம் திரும்பவேயில்லை. வாக்கர் ஐயரிடம் தமிழ் பயின்று, பெண்கள் சிலருடன் கிராமந்தோறும் நற்செய்தி அறிவித்து வந்தார். 1901 மார்ச்சில், பொட்டுக் கட்டும் வழக்கத்திற்கு அஞ்சிய ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று தொடங்கியது வேலை. 1904-ல் பிள்ளைகள் 17 பேர். 1913-ல் 130 பேர்.

இடம் போதவில்லை என்றால் மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்துவிடலாம். பெரிய நெருக்கடி அதுவன்று. பச்சிளங் குழந்தைகள் வந்தபோது, பாலூட்டித் தூக்கிச் சுமக்க ஆள் கிடைக்கவில்லை. பிறர் பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்க ஊர்ப் பெண்களைச் சாதிக் கட்டுப்பாடு விடவில்லை. படித்த பெண்களோ தொட்டில் வேலையை ஆயா வேலை என்று ஒதுக்கினர். நற்செய்திப் பணியை விட்டு அம்மையாரே ஆயாவாகிவிட்டார் என்று பேசியோரும் உண்டு. அவரோ பிள்ளைகளின் நகம் வெட்டுவதும் ஊழியமே என்றிருந்தார். மருத்துவ உதவி வேண்டி, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் அருகே பொன்னம்மாள் என்ற விதவையின் பொறுப்பில் ஒரு சிசுவிடுதி நடந்தது. அங்கே வயிற்றுக்கடுப்பு பரவிக் குழந்தைகள் பலர் மாண்டனர். அம்மையாரின் ஆயுளில் ஆறாத புண் அது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் வாசற்கதவை அடைக்கவில்லை. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்றார், ஆஸ்பத்திரியும் எழுந்தது.

இத்தனைக்கும் யாரிடமும் நன்கொடை கேட்டதில்லை, ஊழியர்க்குச் சம்பளமுமில்லை. செபமே கேட்பு. இம்முறை எல்லார்க்கும் ஒத்துவருமா என்பது வேறு பேச்சு. வளர்ந்த பெண்கள் பலர் அங்கேயே தங்கி, அடுத்து வந்த குழந்தைகளுக்குத் தாயானார்கள். ஆள் பஞ்சம் பெரும்பாலும் இவ்வாறே தீர்ந்தது.

1931-ல் குழியொன்றில் தவறி விழுந்தவர், இருபதாண்டு அறைக்குள்ளேயே கிடந்து எழுதினார். பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்ததையும் கண்டார். 1951 ஜனவரி 18-ல் இறையடி சேர்ந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தபடியால், பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள் பிள்ளைகள்.