ஜயகரும் நம் நெடுஞ்சாலைகளும்

ஓசூருக்குத் தெற்கே கெலமங்கலம் என்னும் பழைய ஊர் ஒன்று உளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்திண்ணையில் ஒலிக்க ஆண்டுக் கேட்கலாம். அவ்வூரினின்று உத்தனப்பள்ளி சென்றால் ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிப் பக்கம் செல்லும் பெருஞ்சாலையை அடையலாம். இச்சாலைக்கு இக்காலத்தே தேசிய நெடுஞ்சாலை 844 என்று பெயர் வழங்குகின்றது. சென்ற விடுமுறையில் நாம் அவ்வழியே போந்தபோது, உடன்வந்த மாணவர் ஒருவர், இந்நாட்டில் இதற்கு முன்னே எண்ணூற்று நாற்பத்து மூன்று நெடுஞ்சாலைகள் உள்ளனவோ என்று வினவினார். கேட்டோர் நகைத்தனர், ஆயினும் விடை கூற வல்லார் எம்முள் ஒருவரும் இலர். கல்லூரிக்கு மீண்டபின் அவ்வினாவைத் தொடர்ந்து தேடப் புகுந்தோம். அத்தேட்டம் எம்மைக் கொண்டு சேர்த்த இடம் ஓர் எஞ்சினீயரின் வரலாறன்று. பம்பாய் வக்கீல் ஒருவரின் வரலாறு. அவர்தாம் முகுந்த ராமராவ் ஜயகர் என்பார்.

ஜயகர் 1873ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் நாள் பிறந்தார். பம்பாயில் சட்டம் பயின்று, பின்னர்ச் சீமை சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1905ஆம் ஆண்டில் பம்பாய் ஹைக்கோர்ட்டில் தொழில் நடத்தத் தொடங்கினார். 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாகில் நிகழ்ந்த கொலையைப் பற்றி உசாவக் காங்கிரஸ் மகாசபை ஒரு குழுவை அமைத்தபோது, காந்தியடிகள், சித்தரஞ்சன தாஸர், அப்பாஸ் தயாப்ஜி ஆகியோருடன் ஜயகரும் அதில் அமர்ந்து பணி செய்தார். பின்னர்ச் சுயராஜ்யக் கட்சியைச் சார்ந்து, பம்பாய்ச் சட்டசபையில் அக்கட்சியின் தலைவராய் விளங்கினார். சர்க்காரை முற்றும் புறக்கணித்தலினும், கிடைத்த இடத்தில் அமர்ந்து இயன்றதைச் செய்தல் நன்றென்பது நாளடைவில் அவர் கொண்ட கொள்கை. இதனால் நண்பர் பலரை இழந்தார். 1926ஆம் ஆண்டில் மத்திய சட்டசபையில் அங்கத்தினரானார். சாலைகளின் பாரம் அவர் தோளில் ஏறியது அங்கேதான்.

அந்நாளைய சாலைகளின் நிலை இன்னதென்பதை நாம் அறிதல் வேண்டும். 1919ஆம் ஆண்டின் சட்டத்தினால் சாலைகள் மாகாணங்களின் பொறுப்பாயின. மாகாணங்கள் அவற்றிற் பெரும்பகுதியை ஜில்லா போர்டு முதலிய ஸ்தல ஸ்தாபனங்களின் தலையில் ஏற்றின. மத்திய சர்க்காரின் கருத்தெல்லாம் இருப்புப் பாதையிலேயே நின்றது. இந்நிலையில் முதல் மகாயுத்தம் முடிந்தபின் மோட்டார் வண்டிகள் பெருகின. கட்டை வண்டிக்கென்று கப்பி பரப்பிய பாட்டைகள் அவற்றின் விரைவைத் தாங்கமாட்டாமல் கோடையிற் புழுதியாகவும் மாரியிற் சேறாகவும் சிதைந்தன. தன் சந்தைக்குச் செல்லும் சாலையை ஒரு ஜில்லா போர்டு பழுதுபார்க்கும்; அயல் மாகாணத்திற்குச் செல்வோர்க்காக அது ஏன் பொருள் செலவிடும்? ஓசூர் அக்காலத்தில் சேலம் ஜில்லாவின் வடகோடி. அதற்கப்பால் மைசூர் சமஸ்தானம். இத்தகைய எல்லைப்புறத்துச் சாலை யாருடையது என்னும் கேள்விக்கு அன்று தெளிந்த விடை கிடைப்பது அரிது. நெடுந்தூரச் சாலை ஒன்று எத்தனை கைகளின் வழியே செல்கின்றதோ அத்தனை இடங்களிலும் அதன் தரம் மாறும்.

1927ஆம் ஆண்டில் இந்தியச் சாலை அபிவிருத்திக் கமிட்டி நியமிக்கப்பெற்றது. ஜயகர் அதன் தலைவரானார். அதனால் அது ஜயகர் கமிட்டி என்றே இன்றளவும் வழங்குகின்றது. அடுத்த ஆண்டில் அக்கமிட்டி தன் அறிக்கையை அளித்தது. சாலைப் பெருக்கம் ஸ்தல ஸ்தாபனங்களின் ஆற்றலைக் கடந்து தேசம் முழுமைக்கும் உரிய காரியமாகிவிட்டது என்பதே அதன் உயிர்நிலை. அங்ஙனமாயின் பொருளுக்கு எங்குச் செல்வது? சாலையைத் தேய்ப்பது மோட்டார். ஆதலின் மோட்டார் குடிக்கும் பெட்ரோலின்மேல் காலனுக்கு 2 அணா மிகைவரி விதித்து, அதனைத் தனியே சேர்த்துச் சாலைகளுக்கே செலவிடுக என்று கமிட்டி கூறிற்று. இவ்வண்ணம் பிறந்ததே 1929ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஏற்பட்ட மத்திய சாலை நிதி. சாலை அமைப்போர் கூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு சங்கம் வேண்டும் என்றதும் அக்கமிட்டியின் கருத்தேயாம். 1934ஆம் ஆண்டில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தோன்றியது அதன் பயன். நிதியின் பெரும்பகுதி அவ்வவ் மாகாணத்திற் செலவாகும் பெட்ரோலின் அளவிற்கேற்பப் பங்கிடப்பட்டதில் ஒரு குறை உண்டென்று நாம் கருதுகிறோம்: மோட்டார் மிக்க இடத்திற்கே பொருளும் மிகும், மோட்டார் செல்ல வழியற்ற மலைச்சாரற் சிற்றூர் பின்னும் காத்திருக்கும். ஆயினும் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு நிதியை உண்டாக்கியவரிடம் இக்குறையை மிகுத்துரைத்தல் தகாது.

அறிக்கை வெளிவந்த அதே 1928ஆம் ஆண்டின் இறுதியிற் கல்கத்தாவிற் கூடிய சர்வகட்சி மகாநாட்டில், ஜின்னா கோரிய திருத்தங்களை ஜயகர் வன்மையாக எதிர்த்தார், அவை தோற்றன. பிற்காலத்து விளைவுகளை அறிந்த நமக்கு, ஜயகர் வாழ்வில் மிக வருந்தத்தக்க நாள் அதுவென்றே தோன்றுகின்றது. பலநாள் வழக்காடிப் பழகியவர்க்கு எதிரியின் கோரிக்கையும் ஒரு வழக்காகவே தோன்றிற்றுப் போலும். ஆனால் அவரே அதற்கப்பாற் சமாதானத் தூதராய் அலைந்து திரிந்தார். 1930ஆம் ஆண்டிற் காந்தியடிகள் எரவாடாச் சிறையிலும் நேரு குடும்பத்தார் நைனிச் சிறையிலும் இருந்த காலை, ஜயகரும் தேஜ் பகதூர் ஸப்ரூவும் வைசிராய்க்கும் அவர்களுக்கும் இடையே தூது நடந்தனர். அம்முயற்சி பலிக்கவில்லை. 1932ஆம் ஆண்டு செப்டம்பரிற் புனா ஒப்பந்தம் எழுதப்பட்டபோது ஜயகரும் அதிற் கையெழுத்திட்டார். ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராஜகோபாலாச்சாரியாரின் கையெழுத்தும் அதே பத்திரத்தில் உளது. சட்டசபைக்குள் நுழைதல் பற்றி எதிரெதிர் நின்ற இருவர் அங்கு ஒரு தாளில் ஒன்றுபட்டனர்.

1937ஆம் ஆண்டிற் பெடரல் கோர்ட்டு நியாயாதிபதியாகவும், 1939ஆம் ஆண்டிற் பிரிவி கவுன்சிலின் நீதிக்கமிட்டியில் அங்கத்தினராகவும் அவர் உயர்ந்தார். சாலைக் காரியம் வேறு கைகளிற் சென்றது. 1943ஆம் ஆண்டு நாகபுரியிற் கூடிய தலைமை எஞ்சினீயர்கள், நாட்டுச் சாலைகளையெல்லாம் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, பெரிய ஜில்லாச் சாலை, ஏனைய ஜில்லாச் சாலை, கிராமச் சாலை என ஐவகைப்படுத்தினர். பயிர்வளம் மிக்க பகுதியில் எவ்வூரும் பெருஞ்சாலைக்கு 5 மைலுக்கு மேல் அப்பாற்படலாகாது என்பதும் அவர்கள் திட்டம். பெயரிடுவது எளிய செயலென்று நினைத்தல் பிழை. ஒரு சாலைக்குத் தேசியம் என்னும் அடை வந்த அன்றே அதன் செலவு மத்திய பொக்கிஷத்தைச் சாரும். ஜில்லா என்னும் அடை வரின் அப்பொறுப்புக் கீழிறங்கும். ஜயகர் 1928இல் நிலைநாட்ட முயன்ற பொறுப்பு, 1947ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி மத்திய சர்க்கார் தேசிய நெடுஞ்சாலைகளின் செலவை ஏற்றபோது நிறைவெய்தியது.

அவரோ அவ்வாண்டில் அரசியலினின்று பெரிதும் விலகினார். 1946ஆம் ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், முஸ்லிம் லீகினர் வந்து கலந்துகொள்ளும்வரை நோக்கத் தீர்மானத்தைத் தள்ளிவைக்க வேண்டுமென்று அவர் திருத்தம் கொணர்ந்தார். அன்று கல்கத்தாவில் எதிர்த்தவர் இன்று காத்திருக்கச் சொன்னார், காலம் கடந்திருந்தது. சபையினின்று விலகியபின், புதிதாகத் தோன்றிய புனாப் பல்கலைக்கழகத்தின் முதல் வைஸ்சான்ஸலராய் 1956 வரை தொண்டாற்றினார்.

அவர் அப்பதவியை விட்ட ஆண்டிலேதான் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணையிற் சாலைகள் எண் பெற்றன. டில்லியிலிருந்து அமிர்தசரஸ் செல்வது 1, டில்லியிலிருந்து கல்கத்தா செல்வது 2, காசியிலிருந்து கன்னியாகுமரி வரை வருவது 7 என வகுத்தனர். இந்த 7தான் ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் ஊடறுத்துச் சென்றது. நாளடைவிற் புதுச்சாலை சேருந்தோறும் அடுத்த எண்ணைக் கொடுத்து வந்தமையால், எண்ணைக் கண்டு திசையை அறிதல் இயலாதாயிற்று.

2010ஆம் ஆண்டில் எண்கள் யாவும் புதிதாக வகுக்கப்பட்டன. வடக்கினின்று தெற்கு நோக்கும் சாலைகளுக்கு இரட்டை எண்; அவை கிழக்கிலிருந்து மேற்காக ஏறிச் செல்லும். கிழக்கு மேற்காய்க் கிடப்பனவற்றிற்கு ஒற்றை எண். அவை வடக்கிலிருந்து தெற்காக ஏறும். ஆதலின் 1 லடாக்கில் லே பக்கமும், 87 இராமேசுவரத்துப் பக்கமும் உள்ளன. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டில் இட்ட முறையும் வடகிழக்கு மூலையினின்றே எண்ணத் தொடங்குவது. ஆனால் ஒற்றையும் இரட்டையும் அங்கு இதற்கு நேர்மாறு. நெப்போலியன் 1811இல் எண்ணிட்ட பிரெஞ்சுச் சாலைகள் பாரிஸையும், இங்கிலாந்தின் சாலைகள் லண்டனையும் நடுவாகக் கொண்டன. நம்மவர் டில்லியை நடுவாக்காமல் நாட்டின் ஓரத்திலிருந்து எண்ணியது நன்றே.

மூன்று இலக்கமுடையது கிளைச்சாலை. இறுதி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைக் காட்டும். சேலத்தினின்று கொச்சி செல்லும் 544உம், நம் மாணவர் வினவிய 844உம் 44இன் கிளைகள். அந்த 44, ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் ஓடிக் கன்னியாகுமரியை எய்துவது. பழைய 7இன் தென்பகுதி அதிலே கரைந்தது. ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை அதே பாட்டை 48 என்னும் எண்ணையும் சுமக்கின்றது. டில்லியிலிருந்து பம்பாய், பெங்களூர் வழியாகச் சென்னை செல்வோர்க்கு அது வழி. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை வழியே திண்டிவனம் செல்லும் சாலை முன்னர் 66, இப்போது 77. பழைய அட்டவணையை நம்பி 66ஐத் தேடுவார் இன்று மேலைக் கடற்கரையிற் போய் நிற்பர்!

எண்ணிடும் இம்முறையை ஜயகர் வகுத்தாரல்லர்; அவர் 1959ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் காலமானார். புனாப் பல்கலைக்கழக நூல்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எம்முடன் வந்த மாணவரிடம் இவ்வளவும் கூறினோம். அவர் பொறுமையுடன் கேட்டிருந்து, கெலமங்கலத்தார் தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு அச்சாலையிற் செல்லும்போது அதனை எவ்வாறு அழைக்கின்றனர் என்று வினவினார். இராயக்கோட்டை ரோடு என்றே அழைக்கின்றனர்.