வாத்தியாரின் கடைசி மூணு வருஷம்

எம்.ஜி.ஆர்.னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தொப்பி, கண்ணாடி, 'படகோட்டி'யில் வந்த மீனவன். உடம்பு விஷயத்திலும் அவர் வாத்தியார்தான்.

1917-ல் இலங்கையில் பிறந்து, சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சிலம்பம், வாள்வீச்சு, தினசரி உடற்பயிற்சி எல்லாம் அவருக்குப் பழக்கம். 1967-ல் கழுத்தில் குண்டு பாய்ந்தும் மீண்டு வந்தார். 1977-ல் முதல்வரானார்.

1984 அக்டோபரில் அந்த உடம்பும் படுத்தது. சிறுநீரகங்கள் செயலிழந்தன, பக்கவாதமும் வந்தது. சென்னை அப்பல்லோவிலிருந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் அண்ணன் மகள் தந்த சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். அப்போ அவருக்கு வயசு 67. மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயிச்சார்.

ஆபரேஷனோட கதை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. மோட்டாருக்கு பேரிங் மாத்துற மாதிரி இல்ல இது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமா நினைச்சு எதிர்க்கும். அதை அடக்கத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடணும். அதில் சில மாத்திரைகள் தசையையும் எலும்பையும் பலவீனமாக்கும். அதனாலதான் இன்னைக்கு டாக்டர்கள், ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிஞ்ச அளவு நடக்கச் சொல்றாங்க. பின்னாடியும் கொஞ்சம் கொஞ்சமா நடையைக் கூட்டச் சொல்றாங்க.

1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மறுபடி முதல்வரானார். பேச்சு பழையபடி வரல. வேலை நிக்கல. 1986 அக்டோபர் 20-ல், திருநெல்வேலியிலிருந்து பிரிஞ்சு நம்ம மாவட்டம் பிறந்தது அவர் ஆட்சியில்தான். அப்போ அதன் பேரு சிதம்பரனார் மாவட்டம்.

1987 டிசம்பர் 24-ல் காலமானார். ஒரு பொண்ணு தன் சிறுநீரகத்தைக் கொடுத்ததால கிடைச்சது அந்த மூணு வருஷம். உங்க உடம்பு இன்னைக்கு நல்லா இருக்கா? ஹாஸ்டல்லேருந்து முத்துநகர் பீச் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.