பெயருக்காக மைத்துனருடன் மோதியவர்: யார் இந்த அயோத்திதாசர்?

ஒரு சாதியை எந்தப் பெயரில் எழுதுறாங்க என்பதில் என்ன இருக்கு? எல்லாமே அதுலதான் இருக்குன்னு 130 வருஷத்துக்கு முன்னாடியே சண்டைக்கு நின்னவர் அயோத்திதாசர்.

1845-ல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன், தன் ஆசிரியரின் பெயரையே சூட்டிக்கொண்டார். சித்த வைத்தியர். 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அதே ஆண்டு மக்கள்தொகை கணக்கெடுப்பில், ஒடுக்கப்பட்ட மக்கள் 'சாதியற்ற திராவிடர்' எனப் பதியச் சொன்னார்.

1893-ல் அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். இழிவா சொல்ற பெயரை நாமே தலைநிமிர்ந்து சொன்னா இழிவு போயிடும் என்பது அவர் கணக்கு. அடுத்தவன் சுமத்துன பெயரை நாம ஏன் சுமக்கணும் என்பது அயோத்திதாசர் வாதம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்யுது. இந்த விவாதம் இன்னிக்கும் ஓயலை.

1898-ல் பௌத்தம் தழுவினார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருந்தது! ஓராண்டில் பைசா போய், 'தமிழன்' மட்டும் நின்றது. சாதி பார்க்காதவனே தமிழன் என்று அதில் தொடர்ந்து எழுதினார்.

1914-ல் மறைந்தார். 8 ஆண்டுகள் கழித்து, அரசு ஆவணங்களில் 'பறையர்', 'பஞ்சமர்' என்பதற்குப் பதில் 'ஆதி திராவிடர்' என எழுதக் கோரி எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானம் சென்னை சட்டமன்றத்தில் நிறைவேறியது.