இரைச்சலைத் துரத்திய இளைஞர்: கார்ல் ஜான்ஸ்கி

வானொலியில் நிலையம் சரியாகப் பிடிபடாதபோது ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். நாம் உடனே வேறு நிலையத்துக்கு மாறிவிடுவோம். அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவதையே வேலையாகக் கொண்ட ஒருவர், கடைசியில் வானியலில் ஒரு புதிய துறைக்கே கதவைத் திறந்துவிட்டார். அவர்தான் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி.

ஜான்ஸ்கி 1905 அக்டோபர் 22ஆம் நாள் ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் பிறந்தார். தந்தை பொறியியல் பேராசிரியர். அண்ணன் வானொலிப் பொறியாளர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1927இல் பட்டம் பெற்ற ஜான்ஸ்கி, மறு ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அந்த வயதிலேயே அவருக்குச் சிறுநீரக நோய் இருந்தது.

அப்போது அட்லாண்டிக் கடலைத் தாண்டிய தொலைபேசி உரையாடல்கள் வானொலி அலைகள் வழியாகவே சென்றன. 1927இல் அச்சேவை தொடங்கியபோது மூன்று நிமிடத்துக்கு 75 டாலர் கட்டணம். அவ்வளவு பணம் கொடுத்துப் பேசும்போது இரைச்சல் குறுக்கிட்டால் யார் பொறுப்பார்கள்? இரைச்சலின் மூலங்களைக் கண்டறியும் பொறுப்பு ஜான்ஸ்கியிடம் வந்தது.

நியூ ஜெர்சியின் ஹோம்டெல் பகுதியில் அவர் ஓர் ஆண்டெனாவை அமைத்தார். ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். அடியில் ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை அது முழுதாகச் சுற்றி வரும். உடன் வேலை செய்தவர்கள் அதைக் குடைராட்டினம் என்று கேலி செய்தார்கள். 20.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்த சமிக்ஞையை ஒரு பேனா தாளில் கோடாக வரைந்துகொண்டே இருந்தது.

தாள்களில் மூன்று வகை இரைச்சல்கள் தெரிந்தன. ஒன்று, அருகில் உண்டான இடிமின்னல். இரண்டு, தொலைவில் உண்டான இடிமின்னல். மூன்றாவதுதான் புதிர்: மெல்லிய, விடாத சீறல். நாள்தோறும் அது ஒரு நேரத்தில் உச்சத்தை எட்டியது. முதலில் அதன் திசை சூரியனின் திசையோடு ஒத்துப்போனது. மூலம் சூரியன்தான் என்று அறிக்கை எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். ஜான்ஸ்கி பதிவை நிறுத்தவில்லை.

மாதங்கள் நகர நகர, உச்சம் சூரியனை விட்டு விலகியது. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்ல, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை அது வந்தது. நாளுக்கு 4 நிமிட வேறுபாடு ஒரு வாரத்தில் பெரிதாகத் தெரியாது. ஒரு மாதத்தில் அதுவே 2 மணி நேரமாகிவிடும். வானியல் அறிந்த சக பணியாளர் ஒருவருடன் பேசியபோது விடை தெளிவானது. விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால் பூமி ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரம் அதுவே. ஆகவே மூலம் சூரியன் அல்ல; தனுசு விண்மீன் கூட்டத்தின் திசையில், நம் பால்வீதியின் மையப் பகுதி! மார்கழியில் சூரியன் தனுசு ராசியில் இருக்கும் என்பது பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆண்டின் அந்தச் சமயத்தில் இரண்டும் ஒரே திசையில் இருந்ததால்தான் முதலில் குழப்பம் வந்தது.

1933 மே 5இல் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இச்செய்தி வெளிவந்தது. 30 மீட்டர் கிண்ண ஆண்டெனா அமைத்து மேலும் ஆராய ஜான்ஸ்கி விரும்பினார். அது பொருளாதார மந்தக் காலம். அந்தச் சீறல் தொலைபேசிச் சேவைக்குப் பெரிய தடையல்ல என்று தெரிந்ததும், நிறுவனம் அவருக்கு வேறு வேலை கொடுத்தது. 1937இல் குரோட் ரீபர் என்ற இன்னொரு பொறியாளர் தம் வீட்டுப் பக்கத்தில் சொந்தச் செலவில் கிண்ண ஆண்டெனா அமைத்து அப்பணியைத் தொடர்ந்தார்.

ஜான்ஸ்கி 1950இல் 44ஆம் வயதில் மறைந்தார். வானொலி வானியல் பெருந்துறையாக வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை. இன்று விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளின் வலிமையை அளக்கும் அலகின் பெயர் ‘ஜான்ஸ்கி’. நியூ மெக்சிகோவின் மாபெரும் வானொலித் தொலைநோக்கிக்கும் 2012இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களே, இன்று விரல் அளவு யுஎஸ்பி கருவியைக் கணினியில் செருகி, மென்பொருள் வழியாகவே வானொலி அலைகளை ஆராயலாம். திரையில் புரியாத கோடு தெரிந்தால், ஆண்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். கோடு அப்படியே இருந்தால், பெரும்பாலும் கோளாறு கருவியிலோ கணினியிலோதான். மறைந்தால், ஆண்டெனாவின் திசையை மாற்றிப் பாருங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். முதலில் தோன்றும் விடையோடு நின்றுவிடாதீர்கள். ஜான்ஸ்கி அப்படி நின்றிருந்தால், அந்த 4 நிமிடம் அவர் கண்ணில் பட்டிருக்காது.