சாயத்துக்குப் பூச்சி தேடிய மெட்ராஸ் டாக்டர்: களையைப் பூச்சி தின்றால் களை குறையுமா?

மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிற கேஜிஎஃப்காரரா நீங்கள்? மழைக்காலத்தில் தண்டவாளத்தை ஒட்டி வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் உங்களுக்குப் புதுசு இல்லை. காங்கிரஸ் செடி என்றும் சொல்வோம். வெளிர் மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடு போட்ட ஒரு வண்டு அதன் இலையைத் தின்பதைப் பார்த்திருக்கலாம். மெக்சிகோவிலிருந்து வரவழைத்து, 1984-ல் பெங்களூரு பகுதியில் விட்ட வண்டு அது.

களைக்கு எதிராகப் பூச்சியை ஏவும் இந்த யோசனையின் பழைய கதை நம்ம சென்னையில் இருக்கிறது. அதில் முக்கியமான ஆள் ஜேம்ஸ் ஆண்டர்சன். களையை அழிக்கும் எண்ணமே அவருக்கு இல்லை என்பதுதான் வேடிக்கை.

1738-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக மெட்ராஸ் வந்து, தலைமை மருத்துவராக உயர்ந்தார். மனசு என்னவோ செடியில்தான். பட்டுக்கு மல்பெரி, பருத்தி என்று எதையாவது நட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது சிவப்புச் சாயம் பெரிய பணம். கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் அந்தச் சாயம் மெக்சிகோவிலிருந்து வந்தது, வியாபாரம் ஸ்பெயின் கையில். 1786-ல் மெட்ராஸில் புல்லில் ஒரு சிவப்புப் பூச்சியைப் பார்த்த ஆண்டர்சன், லண்டனில் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். அது கோச்சினீல் இல்லை. ஆனாலும் விடவில்லை. சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். அவருடைய சகோதரி மகன் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பார்த்துக்கொண்டார்.

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து ஆண்டர்சனுக்கும் கிடைத்தது. வந்ததோ வேறு இனம். சாயம் மட்டம், வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் வேலியாகவும் களையாகவும் பரவியிருந்த ஒரு வகை சப்பாத்திக்கள்ளியை அது உறிஞ்சியே காலி செய்தது.

எப்படி முடிந்தது? சப்பாத்திக்கள்ளியை வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும்; கத்தி எடுத்தால் களை பெருகும். பூச்சி வெட்டுவதில்லை, சாறை உறிஞ்சுகிறது. காய்ந்த துண்டு முளைக்காது. குஞ்சுகள் காற்றில் மிதந்து அடுத்த புதருக்குப் போகும். அந்தப் புதரும் தீர்ந்தால் பூச்சியும் பட்டினியில் குறையும். 1830-களில் தென்னிந்தியாவிலும் 1860-களில் இலங்கையிலும் இதே பூச்சியைக் கள்ளியை ஒழிக்கவே கொண்டுபோய் விட்டார்கள்.

ஒரு சிக்கல். பக்கத்திலேயே வளர்ந்த இன்னொரு வகை சப்பாத்திக்கள்ளியை அது தொடவில்லை. அதற்கு வேறொரு கோச்சினீல் 1926-ல் இலங்கை வழியாக வரவேண்டியிருந்தது. அது வந்து சில வருஷத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் நிலம் மீண்டது. அதே 1926-ல்தான், தின்பதும் தின்னப்படுவதும் ஒன்றையொன்று எப்படி ஏற்றி இறக்கும் என்ற சமன்பாட்டை இத்தாலியில் வோல்டெர்ரா வெளியிட்டார்.

இன்றைய களை மாடல்கள் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் அவை கேட்கும் முதல் கேள்வி, பூச்சி எவ்வளவு தின்கிறது என்பது இல்லை. அடுத்த வருஷம் எத்தனை செடி முளைக்கும் என்பது. பார்த்தீனியத்தில் ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும், விதை மண்ணில் வருஷக்கணக்கில் காத்திருக்கும். வறண்ட மாதங்களில் வண்டு மண்ணுக்குள் தூங்குகிறது. அது எழுந்து இலையை மொட்டையடிப்பதற்குள் செடி பூத்து விதைத்திருந்தால், கண்ணுக்குத் தெரியும் சேதம் கணக்கில் பெரிதாக வராது. கள்ளி பெரும்பாலும் துண்டிலிருந்தே பரவியது, அதனால் அங்கே தின்றது நேராகக் கணக்கில் விழுந்தது.

கோலார் மண்ணில் தங்கம் இருப்பதை ஜான் வாரன் 1802-ல் பதிவு செய்தபோதும் ஆண்டர்சன் மெட்ராஸில்தான் இருந்தார். 1809-ல் அங்கேயே இறந்தார். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயர் வந்தது 1890-களில், இலங்கையில் பார்த்து வைத்தது. தென் அமெரிக்கப் பூச்சியின் பெயர் இன்றும் டாக்டிலோபியஸ் சிலோனிகஸ்.