வாளும் அருளும்: அமீர் அப்துல் காதிர்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்தல் பண்டைத் தமிழர் மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதனை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் பகுத்துரைக்கின்றது. வீரனை எக்கோலத்தில் நிறுத்துவது என்னும் வினா கல் நடும் எவர்க்கும் எழுவதாகும். அல்ஜீரிய நாட்டின் விடுதலை வீரர் அமீர் அப்துல் காதிர் பொருட்டும் அவ்வினா எழுந்துள்ளது. அவர்தம் வாழ்வை அறிந்தாலன்றி அதற்கு விடை காணல் அரிது.

இளமையும் தலைமையும்

அமீர் அவர்கள் 1808ஆம் ஆண்டு மேற்கு அல்ஜீரியாவில் மஸ்கரா நகருக்கு அருகில் பிறந்தார்கள். தந்தையார் முஹ்யித்தீன் அவர்கள் காதிரிய்யா தரீக்காவின் ஆன்மிகத் தலைவர். தமிழக முஸ்லிம்கள் முஹ்யித்தீன் ஆண்டகை எனப் போற்றும் அப்துல் காதிர் ஜீலானி (ரலி) அவர்களின் திருப்பெயரே மகனாருக்கும் அமைந்தது. 1825இல் தந்தையாருடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அவர்கள், பக்தாதில் அப்பெரியாரின் அடக்கத்தலத்தையும் ஸியாரத் செய்து மீண்டார்கள். மார்க்கக் கல்வியும் குதிரையேற்றமும் அவர்களிடத்தில் ஒருங்கே வளர்ந்தன.

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. 1832இல் மேற்குப் பகுதிக் குலத்தார் திரண்டு அப்துல் காதிர் அவர்களிடம் பைஅத் செய்தனர். அப்போது அவர்களுக்கு அகவை 24. அன்று தொடங்கிய போராட்டம் 15 ஆண்டுகள் நீடித்தது. 1835இல் மக்தாவில் பிரெஞ்சுப் படையை முறியடித்தார்கள். 1837இல் தளபதி புழோ அவர்களுடன் தஃப்னா உடன்படிக்கை செய்துகொண்டார். எனினும் 1839இல் போர் மீண்டும் மூண்டது. 1841இல் ஆளுநராக வந்த புழோ, விளைநிலங்களையும் ஊர்களையும் எரிக்கும் முறையைக் கைக்கொண்டார். அமீரோ கூடாரங்களையே தலைநகராக்கி இடம்விட்டு இடம் பெயர்ந்தார்கள். 1843இல் அதுவும் பகைவர் வசமாயிற்று. அந்நிலையிலும் கைதிகளைத் துன்புறுத்தலாகாது என ஆணையிட்டதுடன், உணவளிக்க இயலாதபோது அவர்களை விடுவித்தும் அனுப்பினார்கள்.

சிறையும் திமிஷ்கும்

1847 டிசம்பரில், கீழை நாடொன்றுக்குச் செல்லவிடுவதாகப் பெற்ற உறுதியை நம்பி அமீர் அவர்கள் போரை நிறுத்தினார்கள். அவ்வுறுதி காக்கப்படவில்லை. தூலோன், போ, அம்புவாஸ் ஆகிய இடங்களில் குடும்பத்தாருடன் சிறைவைக்கப்பட்டார்கள். உடன் சென்றோருள் பலர் அம்புவாஸ் மண்ணிலேயே அடங்கினர். 1852இல் விடுதலை பெற்று, புர்ஸா நகரில் சில காலம் தங்கி, 1855இல் திமிஷ்கில் குடியேறினார்கள்.

1860 ஜூலையில் அந்நகரில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. அமீர் அவர்கள் தம் அல்ஜீரியத் தோழர்களை ஆயுதத்துடன் அனுப்பி, ஆயிரக்கணக்கானோரைத் தம் இல்லத்திற்கும் பின்னர்க் கோட்டைக்கும் கொண்டுவந்து காத்தார்கள். அவர்களைச் சிறையிட்ட பிரான்சே தன் உயரிய விருதை வழங்கியது. அமெரிக்க அதிபர் லிங்கன் கைத்துப்பாக்கிகளைப் பரிசாக அனுப்பினார். 1883 மே 26இல் திமிஷ்கில் வஃபாத்தான அவர்கள், இப்னு அரபி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தருகே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அல்ஜீரியா விடுதலை பெற்றபின் அவர்தம் உடலெச்சங்கள் தாயகம் கொண்டுவரப்பெற்றன.

சிலைகள் கூறுவன

அல்ஜியர்ஸின் நடுவே ஒரு சதுக்கத்தில் 1852இல் புழோவின் சிலை நிறுவப்பட்டது. 1962இல் நாடு விடுதலை பெற்றதும் அது அகற்றப்பட்டது. அதே சதுக்கத்தில் இன்று குதிரைமீது வாளுயர்த்திய கோலத்தில் அமீர் காட்சி தருகின்றார். ஊரை எரித்தவன் நின்ற இடத்தில் ஊரைக் காத்தவர் நிற்பது ஒரு வகை நீதியே என்பதில் ஐயமில்லை.

அம்புவாஸில் வேறொரு கோலம் அமைந்தது. எஃகுத் தகட்டை வெட்டி அவருருவைக் காட்டிய அச்சிற்பம், 2022 பிப்ரவரி 5ஆம் நாள் திறப்புக்குச் சற்று முன்னர்ச் சிதைக்கப்பட்டது. ஆயினும் விழா நடைபெற்றது. 2023இல் ஓரான் நகரில் 42 மீட்டர் உயரச் சிலையொன்று அறிவிக்கப்பட்டபோது, அதன் செலவு பற்றியும், உருவச்சிலை மார்க்கத்திற்கு ஏற்குமா என்பது பற்றியும் விவாதம் எழுந்தது.

சிலையை ஏலாத பெரியோரின் கருத்தை நாம் மதிக்கின்றோம். எழுப்புவோரின் நன்றியுணர்வையும் புறக்கணியோம். நாம் சுட்ட விழைவது மற்றொன்று. உயர்த்திய வாள் அமீரின் வாழ்வில் 15 ஆண்டுகளையே காட்டும். தம்மை வஞ்சித்த நாட்டின் மதத்தைச் சார்ந்தோர்க்குத் திமிஷ்கில் கதவு திறந்த கையை அது காட்டாது. அவ்வாளும் அக்கையும் ஒரே ஈமானிலிருந்து எழுந்தவை. ஒன்றை மட்டும் வடித்தால் அது அவருடைய பாதி வரலாறேயாகும்.

ஆதலின், சிலைகளைக் காணும் மாணவச் செல்வங்கள், கல்லில் இடம்பெறாதது யாது என வினவும் பழக்கத்தைக் கைக்கொள்ளல் வேண்டும். அமீர் அவர்களைப் போன்றோரின் வரலாற்றை முழுமையாகக் கற்று, அடுத்த தலைமுறைக்கு எடுத்துரைப்பதே நாம் அவர்களுக்கு ஆற்றும் பெரும் சிறப்பாகும்.